லாந்தர் வெளிச்சத்தில் ஓர் ஆராய்ச்சி

நமது தேசத்தில் ஒரு பிள்ளைக்கு வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் வீட்டாருக்கு உண்டாகும் ஆனந்தம் சொல்லி முடியாது. பையன் நோயாளிகளைக் குணப்படுத்துவான் என்று எதிர்பார்க்கிறார்கள். உலகம் அறியாத ஒன்றைக் கண்டுபிடிப்பான் என்று ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை. அவன் படிக்கும் கல்லூரியும் பெரும்பாலும் எதிர்பார்ப்பதில்லை என்பதே விசனத்துக்குரியது. ஏன் என்றால், பணமும் கருவிகளும் இல்லை என்கிறார்கள்.

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் கல்கத்தாவில் ஸியால்டாவிலிருந்த காம்பெல் வைத்தியப் பள்ளி நம் நினைவுக்கு வருகிறது. பட்டம் கொடுக்கும் கல்லூரிகூட அல்ல அது. 1905 முதல் அங்கே ஆசிரியராயிருந்த உபேந்திரநாத் பிரம்மச்சாரி, வங்காளத்தையும் அஸ்ஸாமையும் சூறையாடிய காலா அஸார் காய்ச்சலுக்கு மருந்து தேடினார். அந்நோயின் கிருமியை லீஷ்மன் என்பவரும், சென்னை வைத்தியக் கல்லூரி ஆசிரியர் டோனவனும் தனித்தனியே கண்டு 1903-இல் வெளியிட்டிருந்தார்கள். கிருமி தெரிந்து என்ன பயன்? சிகிச்சையற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மாண்டனர். ஆண்டிமனி உப்பைச் செலுத்தும் சிகிச்சையோ மாதக்கணக்கில் நீண்டது. அந்த உப்பே உடம்புக்கு விஷமாகவும் இருந்தது.

பிரம்மச்சாரிக்குக் கிடைத்தது ஒரு சிற்றறை. அதில் காஸ் இல்லை. தண்ணீர்க் குழாய் இல்லை. இரவில் புகை கக்கும் லாந்தர்தான் துணை. ஆனால் அவர் வைத்தியத்துக்கு வருமுன்பே ரஸாயனத்தில் எம்.ஏ. தேறியவர். சீமையிலிருந்து மருந்து வரட்டும் என்று காத்திராமல், ஆண்டிமனியை யூரியாவோடு இணைத்து, 1920-இல் யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைத் தாமே தயாரித்தார். மாதக்கணக்கான சிகிச்சை சில வாரங்களாகக் குறுகியது.

அறையின் வறுமையை நாம் போற்றவில்லை, வறுமை வறுமைதான். ரஸாயனம் அறிந்த மூளையும் நோயாளியின் நாடி பிடித்த கையும் ஒரே ஆசிரியரிடம் சேர்ந்திருந்தனவே, அதுதான் விசேஷம். இன்று ரஸாயனம் நுழைவுப் பரீட்சைக்கு மறுநாள் மறந்துபோகிறது. எம்.டி. மாணவர் ஆய்வேடு எழுதித்தான் ஆகவேண்டும். கட்டாயத்துக்காக எழுதியதை அப்புறம் யார் புரட்டுகிறார்கள்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் 1979-இல் இளம் மாணவருக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. ஓர் ஆசிரியரின் கீழ் இரண்டு மாதம் சிறு ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை உண்டு. நல்ல ஏற்பாடு. ஆயினும் வகுப்பில் சந்தேகம் கேட்டால், "இது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று அடக்கப்பட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்த இரண்டு மாதத்தில் எந்தக் கேள்வி பிறக்கும்? ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால், "பிராக்டீஸ் எப்போது?" என்று கவலைப்படும் பெற்றோரும் நம்மில் உண்டு.

காம்பெல் பள்ளி பின்னர், அங்கேயே பயின்ற நீல்ரத்தன் ஸர்க்காரின் பெயரால் கல்லூரியாயிற்று. அங்கே ஆசிரியராயிருந்த சம்புநாத் டே முயலின் குடலைக் கட்டிக் காலராக் கிருமியைச் சோதித்து, 1953-இல் முடிவை வெளியிட்டார். பின்பு கல்கத்தா வைத்தியக் கல்லூரிக்குச் சென்று, கிருமியை வடித்து நீக்கிய திரவமே காலராவை உண்டாக்கப் போதும் என்று 1959-இல் நிரூபித்தார்.