மும்பைப் பயணமும் சிறிய பணப்பையும்

வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊர்ப்பயணம் என்றே பொருள். நாக்பூரிலிருந்தோ ஜாம்ஷெட்பூரிலிருந்தோ ஆண்டுக்கொரு முறை சொந்த ஊர் சென்று திரும்புவதற்குள் கையிருப்புக் கரைந்துவிடுகிறது. இந்நிலையில், "மும்பையை ஒரு முறை காட்டுங்கள்" என்று குழந்தைகள் கேட்டால், குடும்பத் தலைவர் பேச்சை மாற்றுவது இயல்பே. மும்பை செல்வர்களுக்குரிய நகரம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் பாதி உண்மை. மறுபாதியை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஏழு தீவுகளை இணைத்து உருவாக்கிய நிலம் அது. தெற்கே செல்லச் செல்லக் குறுகி, மூன்று புறமும் கடல் சூழ நிற்கிறது. நிலம் விரிய வழியில்லை. மக்களோ பெருகிக்கொண்டே வந்திருக்கின்றனர். ஆகவே அங்கே பொன்னினும் அரியது, இரவில் தலை சாய்க்க ஓர் இடம். நடமாடுவதும், வயிறார உண்பதும், கண்ணாரக் காண்பதும் அத்துணைச் செலவு வைப்பன அல்ல. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால் பயணக் கணக்குத் தெளிவாகிவிடும்.

முதலில் போக்குவரத்து. நம் நாட்டின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று மும்பையின் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு, 34 கிலோமீட்டர் தொலைவு ஓடிற்று. அன்று தொடங்கிய பாதையே இன்று நகரின் உயிர்நாடியாக விளங்குகிறது. மின்சார ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. நாள் முழுதும் ஏறி இறங்குவோருக்கு 1 நாள், 3 நாள், 5 நாள் சுற்றுலாச் சீட்டுகளும் உண்டு. ஆனால் காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை தெற்கு நோக்கியும், மாலை ஐந்து மணிக்குமேல் வடக்கு நோக்கியும் குழந்தைகளோடு ஏறத் துணியலாகாது. பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் இருப்பதால், எந்த நிலையத்தில் இறங்குவது, எங்கே ஒன்றுகூடுவது என்பதை ஏறுமுன்னரே பேசிக்கொள்ளல் வேண்டும். நகரின் தென்பகுதியில் ஆட்டோ ரிக்ஷாக்கள் ஓடுவதில்லை. மூட்டை முடிச்சுடன் இறங்குவோர் டாக்சிக்கென ஒரு தொகையை ஒதுக்கிவைப்பது நலம்.

அடுத்து, காட்சிகள். நாம் வந்திறங்கும் சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் முனையமே ஒரு காட்சிதான். 1878இல் தொடங்கிப் பத்தாண்டுகள் எழுப்பிய அக்கட்டடம் 2004இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஓவல் மைதானம். அதன் ஒரு பக்கம் கோபுரங்களோடு கூடிய பழைய மாளிகைகள். எதிர்ப்பக்கம் இருபதாம் நூற்றாண்டுப் புதுப் பாணி வீடுகள். இரண்டும் சேர்ந்து 2018இல் அதே சிறப்பைப் பெற்றன. 1952இல் நிறுவப்பெற்ற ஜஹாங்கீர் ஓவியக்கூடத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. கடலோரத்தில் நிற்கும் 'இந்தியாவின் நுழைவாயில்' 1924இல் நிறைவுற்றது. மன்னர் ஒருவரின் வருகையை நினைவுகூர எழுப்பிய அவ்வாயில் வழியாகவே 1948 பிப்ரவரி 28 அன்று ஆங்கிலேயரின் கடைசிப் படைப்பிரிவு வெளியேறிற்று. குழந்தைகளுக்கு இதனை அவ்விடத்திலேயே நின்று சொல்லுதல் வேண்டும். காந்தியடிகள் 1917 முதல் 1934 வரை மும்பை வரும்போதெல்லாம் தங்கிய மணி பவன், காம்தேவிப் பகுதியில் இருக்கிறது. மாலையில் மெரீன் டிரைவ் கடற்சுவரில் அமர்ந்து காற்று வாங்குவதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

உணவுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. மாதுங்கா ரயில் நிலையத்தருகே, 1942 முதல் நடைபெற்றுவரும் ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். சிற்றுண்டிக்கு எங்கும் வடா பாவ் உண்டு. இரண்டு தின்றால் ஒரு வேளை கழிந்துவிடும்.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். தங்குவது எங்கே? மாதுங்கா, தாராவி, செம்பூர், முலுந்த் ஆகிய இடங்களில் ஏதேனும் ஒன்றில் நம்மில் பலருக்கு உறவினர் உண்டு. "சித்தப்பா வீடு இருக்கும்போது விடுதி எதற்கு?" என்று எளிதாக முடிவு செய்துவிடுகிறோம். அங்கே நம் பணம் மிச்சமாவது உண்மை. ஆயினும் அச்செலவை யார் ஏற்கிறார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1920களில் எழுந்த பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்திற்கு ஒதுக்கிய இடம் 160 சதுர அடி. இன்றும் எத்தனையோ குடும்பங்கள் ஏறக்குறைய அவ்வளவு இடத்தில்தான் சமைத்து, உண்டு, உறங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றன. குழாயில் நீர் வருவதோ குறித்த சில மணி நேரம் மட்டும். அங்கே நால்வர் ஐவராய்ச் சென்று இறங்கினால், வீட்டுக்காரர் வாயிற்புறத்தில் படுக்க நேரிடும். பள்ளி செல்லும் பிள்ளை பாடப் புத்தகத்தை மூடிவைக்க நேரிடும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று முன்னோர் சொன்னது, முற்றமும் திண்ணையும் இருந்த வீடுகளை மனத்திற்கொண்டு அல்லவா?

நாங்கள் ஐவர் சென்ற ஆண்டு மும்பை சென்றபோது, தாதரை அடுத்த எளிய விடுதியொன்றில் இரு அறைகள் முன்கூட்டியே அமர்த்திக்கொண்டோம். சயானில் ஒற்றை அறையில் குடியிருக்கும் எங்கள் சித்திக்கு இது வருத்தம். "நான் இருக்கையில் நீங்கள் விடுதியில் தங்கினால் ஊரில் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு எலிபண்டாவுக்கு வரவேண்டும் என்று அவரையே அழைத்தோம். அப்போதுதான் தெரிந்தது, இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்நகரில் வாழ்ந்தும் அவர் எலிபண்டாவைக் கண்டதில்லை என்பது. அவர் வீட்டிற்கு வந்த விருந்தினர் எல்லோரும் கண்டு திரும்பினர். விடியலில் எழுந்து நீர் பிடித்து, அவர்களுக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்து அனுப்பியவர் அவர். படகில் ஒரு மணி நேரம் சென்று, நூற்றுக்கு மேற்பட்ட படிகளை மெல்ல ஏறி, குகையின் இருளில் மூன்று முகச் சதாசிவனின் திருவுருவைக் கண்டதும் அவர் கைகூப்பியபடி நெடுநேரம் நின்றார். நாங்களும் பேசவில்லை.

எலிபண்டா செல்வோர்க்குச் சில குறிப்புகள்: திங்கட்கிழமை குகை திறப்பதில்லை. பதினைந்து வயதுக்குட்பட்டோருக்குத் தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணம் இல்லை; படகுக் கட்டணமே பெருஞ்செலவு. கையில் உணவுப் பொட்டலம் இருந்தால் குரங்குகளிடம் எச்சரிக்கை தேவை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது.

விடுதிச் செலவைக் குறைக்கவும் வழி உண்டு. ரயில் கட்டணம் மலிவாகவும் இடம் அரிதாகவும் உள்ள நகரில், கோட்டைப் பகுதியை விடுத்துப் புறநகர் நிலையம் ஒன்றன் அருகே தங்குவதே அறிவுடைமை. உறுதி செய்த பயணச்சீட்டு உடையோர் ரயில்வே ஓய்வறைகளை முன்பதிவு செய்யலாம். தனியாகச் செல்லும் இளைஞருக்கு, மும்பை சென்ட்ரல் நிலையத்தில் 2021இல் திறந்த, ஒருவர் படுக்குமளவான சிற்றறைகள் போதும். ஏழு நாள் பயணத்தை நான்கு நாளாகச் சுருக்கினாலும் விடுதிச் செலவு பாதியளவு குறையும். மேலே சொன்னவற்றைக் காண நான்கு நாள் போதுமானது.

உறவினர் வீட்டுக்குச் செல்ல வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கட்டாயம் செல்லுங்கள், பழமும் பலகாரமும் வாங்கிச் செல்லுங்கள், ஒரு வேளை உண்டு, மனம்விட்டுப் பேசி, மாலையில் விடைபெறுங்கள். இயலுமாயின் மறுநாள் அவ்வீட்டு அம்மையாரை அடுப்படியிலிருந்து அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். உங்கள் கணக்கில் ஒரு ரயில் சீட்டும் ஒரு படகுச் சீட்டும் கூடும். அவ்வளவே.