ஹோலுக்கு முதலில் விளக்கா, மின்விசிறியா?

வீடு திரும்பி, மின்னிணைப்பும் கிடைத்த பிறகு, கையிலுள்ள காசில் எதை முதலில் பூட்டுவது என்று பல குடும்பங்கள் யோசிக்கின்றன. முதலில் விளக்கைப் போடுங்கள். பிள்ளைகள் இரவில் படிக்கலாம், நிலத்தில் பாம்பு கிடந்தாலும் தெரியும். குப்பி விளக்குச் சரிந்து தீப்பிடிக்கும் பயமும் இல்லை.

செலவையும் பாருங்கள். 9 வாட் எல்.ஈ.டி. மின்குமிழ் தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் ஒன்றரை அலகும் வராது. 75 வாட் கூரை விசிறி தினமும் 10 மணித்தியாலம் சுழன்றால் 22 அலகுக்கு மேல் போகும். பாவனை கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

கூரை விசிறிதான் வேண்டுமென்றால் முதலில் வளையைப் பாருங்கள். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டில் மரம் வெளியே நல்லதாகத் தெரியும், உள்ளே கறையான் தின்றிருக்கும். உளியால் குத்திப் பார்க்காமல் கொளுக்கி போடாதீர்கள். விசிறியின் தகடு நிலத்திலிருந்து 7 அடிக்குக் கீழே வரக்கூடாது. தற்காலிகக் கொட்டிலில் அந்த உயரம் கிடைப்பது அரிது. தகரத்தின் கீழ் பகலில் அது சூட்டைத்தான் இறக்கும். அங்கே மேசை விசிறி போதும், படுக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டும் போகலாம்.

மின்குமிழை விசிறிக்கு மேலே போட்டால் நிழல் ஆடிக் கண்ணை வருத்தும், சுவரில் பூட்டுங்கள். வயர் இழுக்கும்போதே விசிறிக்கும் ஓர் இணைப்பு விட்டுவைத்தால் பிறகு இரண்டாம் கூலி இல்லை. சுவரில் எஞ்சியிருக்கும் பழைய வயருக்கு, தகுதியுள்ள மின்னியலாளர் பார்க்கும்வரை மின்சாரம் கொடுக்க வேண்டாம்.