இரண்டு ரிவால்வர்களும் ஒரு சாவியும்

ஆயுத பூஜையன்று நம் வீட்டில் சந்தனம் குங்குமம் இட்டுக்கொள்ளும் ஆயுதங்கள் நான்கு: அரிவாள்மணை, கத்தரிக்கோல், சுத்தியல், சிவப்பு மசிப் பேனா. இவற்றில் மிகவும் பயங்கரமானது எது என்று நம்முடைய மாணாக்கர்களைக் கேட்டால், சிறிதும் தயங்காமல் நான்காவதைச் சுட்டிக்காட்டுவார்கள். இப்படிப்பட்ட ஓர் உபாத்தியாயர் ஐரோப்பாவின் விலையுயர்ந்த ரிவால்வர்களைப் பற்றி எழுதப் புகுந்தால், நேயர்கள் புன்னகை செய்வது நியாயமே. ஆயினும் விஷயம் நாம் தேடிப் போனதல்ல. வீடு தேடி வந்தது.

சென்ற கோடை விடுமுறையில், நம்மிடம் முன்பு வாசித்த மாணவர் ஒருவர் நம்மைப் பார்க்க வந்தார். ஜெர்மனி தேசத்தில், ஹெஸ்ஸன் மாநிலத்துக் கீஸன் நகரில் அவருக்கு உத்தியோகம். அவருடைய அண்டை வீட்டுப் பெரியவர், குறிபார்த்துச் சுடும் சங்கம் ஒன்றில் நெடுங்காலம் அங்கத்தினராக இருந்தவர். அவரிடம் இரண்டு ரிவால்வர்கள் இருந்தனவாம். ஒன்று பிரான்ஸில் செய்த மனுரின். மற்றொன்று ஜெர்மனியில் செய்த கோர்த். சங்கத்தின் சுடுமைதானத்தில், பெரியவர் பக்கத்தில் நின்று கவனிக்க, இரண்டையும் சுட்டுப் பார்க்கும் சந்தர்ப்பம் நம் மாணவருக்குக் கிடைத்தது.

"இரண்டில் எது உயர்ந்தது, அப்பா?" என்று கேட்டோம்.

"அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும், ஸார்" என்றார். அவர் சொன்னதையும், பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

ரிவால்வரின் அமைப்பு விளங்கினால்தான் மற்றவை விளங்கும். அதன் நடுவில் ஓர் உருளை; உருளையில் சாதாரணமாக ஆறு அறைகள்; ஒவ்வோர் அறையிலும் ஒரு தோட்டா. விரலால் விசையை இழுத்தால், உருளை ஓர் அறை அளவு சுழல்கிறது. பின்னாலுள்ள சிறு சுத்தியல் மேலே எழும்புகிறது. பிறகு விழுந்து தோட்டாவை அடிக்கிறது. இத்தனையும் ஒரே இழுப்பில் நடக்க வேண்டும். சுத்தியல் விழும் கணத்தில் அறையும் குழலும் மிகவும் நுட்பமாக நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். சற்று விலகினாலும் குண்டின் விளிம்பு குழலின் வாயில் உராயும், குறி கெடும். ஆயிரக்கணக்கான முறை சுட்ட பிறகும் இந்த நேர்மை தவறாமல் இருக்கிறதா என்பதுதான் நல்ல ரிவால்வருக்கும் மட்டமான ரிவால்வருக்கும் உள்ள வித்தியாசம். விலையில் பெரும்பகுதி போவதும் இதற்குத்தான்.

மனுரின் பிறந்த ஊர் ஆல்ஸாஸ் பிரதேசத்து முலூஸ். 1871-ல் ஜெர்மனியிடமும், 1918-ல் பிரான்ஸிடமும், 1940-ல் மறுபடி ஜெர்மனியிடமும், யுத்த முடிவில் மீண்டும் பிரான்ஸிடமும் கைமாறிய பூமி அது. அங்கே 1919-ல் தோன்றிய யந்திரத் தொழிற்சாலை தோட்டா செய்யும் யந்திரங்களுக்குப் பேர்பெற்றது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின், ஜெர்மானியர் ஆயுதம் செய்யக் கூடாதென்று தடை இருந்த காலத்தில், புகழ்பெற்ற வால்தர் கைத்துப்பாக்கிகளை அநுமதி பெற்றுச் செய்து கொடுத்ததும் இந்தத் தொழிற்சாலைதான்.

1972-ல் மியூனிக் ஒலிம்பிக் பந்தயத்தில் இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்ட பிறகு, பணயக் கைதிகளை மீட்பதற்கென்றே தனிப்படை வேண்டுமென ஐரோப்பிய அரசாங்கங்கள் உணர்ந்தன. பிரெஞ்சு ஜாந்தர்மேரியின் தனிப்படை 1974-ல் வேலை தொடங்கியது. அதற்கு வாய்த்த ஆயுதமே எம்.ஆர். 73 என்னும் மனுரின் ரிவால்வர். சக்தி வாய்ந்த 357 மாக்னம் தோட்டாவைத் தினந்தோறும் சுட்டுப் பழகும் வீரர்களின் கையில் தேய்ந்து போகாமல் இருக்கவேண்டும் என்பதே அதன் இலட்சணம். விசையின் ஓட்டத்தில் உராய்வு குறையச் சிறு சக்கரங்கள் வைத்தார்கள். அரம் கொண்டு ராவாமல், திருகாணியைத் திருப்பியே விசையின் பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார்கள்.

1994 டிஸம்பர் 24-ஆம் தேதி அல்ஜியர்ஸ் விமான நிலையத்தில் நால்வர் ஒரு பிரெஞ்சு விமானத்தைக் கைப்பற்றினார்கள். பிரயாணிகள் மூவரைக் கொன்றார்கள். 26-ஆம் தேதி மார்ஸேய் நகருக்கு அருகிலுள்ள மரிஞான் விமான நிலையத்தில் தனிப்படை உள்ளே பாய்ந்தது. முதலில் நுழைந்த வீரரின் கையில் இருந்தது இந்த ரிவால்வரே. அவர் உடம்பில் பல குண்டுகள் பாய்ந்தும் உயிர் பிழைத்தார். நான்கு கொள்ளையரும் மாண்டார்கள். அந்தத் தாக்குதலில் பிரயாணி ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

கோர்த்தின் சரித்திரத்தில் இம்மாதிரி வீரக் கதைகள் இல்லை. வடஜெர்மனியில் ஏரிகள் சூழ்ந்த ராட்ஸெபுர்க் என்னும் சிற்றூரில், வில்லி கோர்த் என்பவர் 1950-களில் தொடங்கிய சிறு பட்டறை அது. அவருடைய நோக்கம் படைகளுக்கு ஆயிரம் ஆயிரமாகச் செய்து தள்ளுவதல்ல; குற்றமே சொல்ல முடியாத ஒரு ரிவால்வரைச் செய்வது. ஒவ்வோர் உறுப்பையும் கையால் இழைத்து மற்றோர் உறுப்புடன் பொருத்தினார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் உருளை தனியே கழன்று கைக்கு வந்துவிடும். அதன் இடத்தில் வேறு உருளையை மாட்டி, ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவையும் சுடலாம். பிற்காலத்தில் பட்டறை ஹெஸ்ஸனிலுள்ள லொல்லார் என்ற ஊருக்கு மாறியது. நம் மாணவர் வசிக்கும் கீஸனுக்கு அது பக்கத்து ஊர்.

"கையில் எடுத்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டோம்.

"கோர்த்தின் விசையை இழுத்தால் நன்றாகச் சுருதி கூட்டிய வீணையில் விரல் வைத்தாற்போல் இருக்கும், ஸார். தடை என்பதே தெரியாது. மனுரின் அப்படி அல்ல. அது வயலுக்குப் போகும் நல்ல மண்வெட்டி. பளபளப்பு குறைவு. ஆனால் நூறாவது தோட்டாவும் முதல் தோட்டாவைப் போலவே போகும். மைதானத்தில் என் குறி இரண்டிலும் ஒரே லட்சணத்தில்தான் இருந்தது. குற்றம் துப்பாக்கியில் இல்லையென்று அன்றே தெரிந்துகொண்டேன்" என்று சிரித்தார்.

இவை இரண்டுமே ஏழை எளியவர் வாங்கும் சரக்கல்ல. இன்று புதிதாக வாங்கினால் ஒவ்வொன்றும் சில ஆயிரம் யூரோ ஆகும். மனுரினின் விலையைப் பிரெஞ்சு அரசாங்கமே தாங்க முடியாமல், சாதாரணப் போலீஸாருக்கென்று மலிவான வேறொரு ரிவால்வரைச் செய்யவேண்டி வந்தது. பிறகு போலீஸார் ரிவால்வரை விட்டு, அதிகத் தோட்டா கொள்ளும் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறிவிட்டார்கள். ஆகவே இன்று இவற்றை வாங்குவோரில் பெரும்பாலார் பெரியவரைப் போன்ற சங்க அங்கத்தினரும், அபூர்வப் பொருள் சேகரிப்போருமே.

பெரியவரிடம் ஒரு வேடிக்கை உண்டாம். மனுரினை வாரந்தோறும் சுடுவார். கோர்த்தை வருஷத்தில் இரண்டொரு முறை எடுத்துத் துடைப்பார். நாலைந்து தோட்டா சுடுவார். மறுபடியும் எண்ணெயிட்டு வைத்துவிடுவார். கீறல் விழுந்துவிடுமோ என்று பயம். விருந்தாளிக்கென்று வைத்த வெள்ளிப் பாத்திரம் விருந்தாளிக்கும் கிடைக்காத கதைதான்!

இதுவரை சொன்னது ஆயுதத்தின் கதை. இனி அதை வீட்டில் வைத்துக்கொள்வதன் கதை.

1878-ல் பிரிட்டிஷ் ஆட்சி நம் தேசத்தில் ஓர் ஆயுதச் சட்டம் செய்தது. நம்மவர் அநுமதிச் சீட்டின்றி ஆயுதம் வைத்தால் குற்றம்; வெள்ளையருக்கோ விலக்கு. ஜனங்களைக் கண்டு அஞ்சிய சர்க்கார் செய்த சட்டம் அது. ஆயுதச் சட்டம் என்றாலே அந்நாளில் நம்மவர்க்கு அவமானமாகப் பட்டதில் வியப்பில்லை. ஆனால் ஜெர்மனியின் சட்டத்தை நம் மாணவர் விவரித்தபோது, அதன் நோக்கமே வேறு என்று கண்டோம். சங்கத்தில் சேர்ந்து குறைந்தது ஒரு வருஷம் ஒழுங்காகப் பழகிக் காட்ட வேண்டும். ஆயுதம் தேவை என்பதை ருசுப்படுத்த வேண்டும். வீட்டில் தோட்டா எடுத்து, இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் என்ன அவசியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2009 மார்ச் 11-ஆம் தேதி, தென்ஜெர்மனியில் வின்னெண்டன் என்ற ஊரில், 17 வயதுப் பையன் ஒருவன் தான் முன்பு படித்த பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தான். அவன் தகப்பனாரும் சங்க அங்கத்தினரே. அவர் பல ஆயுதங்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். ஒரே ஒரு கைத்துப்பாக்கி மட்டும் படுக்கையறையில் பூட்டாமல் கிடந்தது. பள்ளிக்குள் மாணாக்கர் 9 பேரும் ஆசிரியைகள் 3 பேரும் மாண்டார்கள். வெளியே இன்னும் 3 பேர். பிறகு பையனும் தன்னை மாய்த்துக்கொண்டான். அதன் பின்னரே, அதிகாரிகள் எந்தச் சந்தேகமும் இல்லாமலே ஆயுதம் வைத்திருப்பவர் வீட்டுக்கு வந்து பெட்டியைச் சோதிக்கலாம் என்று சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். இதைக் கேட்டுச் சிறிது நேரம் நாம் பேசவில்லை. இருபது வருஷங்களாகக் காலையில் வகுப்பறைக்குள் நுழைபவர்களுக்கு அந்த எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையாகத் தோன்றாது.

பெரியவர் காலமானபோது இரண்டு ரிவால்வர்களும் மகளுக்கு வந்தன. அந்த அம்மாளுக்குச் சுடத் தெரியாது. ஜெர்மன் சட்டப்படி அப்படிப்பட்ட வாரிசு ஆயுதத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தேர்ந்த தொழிலாளி ஒருவர் அதற்குள் தடைப் பூட்டு ஒன்றைப் பொருத்திச் சுட முடியாமல் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால், உரிமையுள்ளவருக்கு விற்கவோ அதிகாரிகளிடம் ஒப்படைக்கவோ வேண்டும்.

அம்மாள் கோர்த்தைச் சங்கத்து இளைஞர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அவர் அதை வாரந்தோறும் சுடுகிறாராம். மனுரினுக்குப் பூட்டுப் போட்டுத் தம்மிடமே வைத்துக்கொண்டார். "விலை அதிகமானதையல்லவா வைத்துக்கொண்டிருக்க வேண்டும்?" என்று நம் மாணவர் கேட்டாராம். "அப்பாவின் கை பட்டுத் தேய்ந்தது இதுதானே" என்றாராம் அந்த அம்மாள்.

"அது சரி, அப்பா. நாம் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லையே?" என்றோம்.

"ஒரு சங்கதி சொல்ல மறந்தேன், ஸார். பெரியவர் போன பிறகு அந்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சாவியைத் தேடினார்கள். மேஜை, அலமாரி, சட்டைப் பை, எங்கும் அகப்படவில்லை. அது எங்கே இருக்கிறதென்று மகளுக்கும் தெரியாது. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்! கடைசியில் பூட்டுத் தொழிலாளியை வரவழைத்துத்தான் திறந்தார்கள். பெரியவர் வைத்திருந்த சாமான்களில் எது உயர்ந்தது என்று கேட்டால், நான் அந்தச் சாவியைத்தான் சொல்வேன்."

நம் வகுப்பில் அவர் கணக்குப் பாடத்தில் சுமார்தான். ஆனால் அன்று அவர் சொன்ன விடைக்குச் சிவப்பு மசிப் பேனாவை எடுத்து முழு மதிப்பெண் போட நாம் தயங்கவில்லை.