“கமிட் பண்ணிட்டேன்... யாருக்கும் தெரியலையே!” - கிட் பிராஞ்ச்சில் புதியவர்கள் திணறும் இடங்கள்

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வீடுகளில் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். ‘பத்திரிகை ஃபைனல்’, ‘பத்திரிகை ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’ என்று ஃபைல்கள் வரிசைகட்டி நிற்கும். பெரியப்பா பெயரைச் சேர்த்தது எதில், முகூர்த்த நேரத்தைத் திருத்தியது எதில் என்று கடைசியில் யாருக்கும் தெரியாது.

ஒரு பத்திரிகைக்கே இந்தப் பாடு. ஆயிரக்கணக்கானவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து சேர்ந்து எழுதும் லினக்ஸுக்கு? அதற்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தும் வாய்ப்பு 2005-ல் பறிபோனது. உடனே லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் மாதத்தில் தானே உட்கார்ந்து எழுதிய கருவிதான் ‘கிட்’. இன்று ஐ.டி வேலையில் சேரும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் முதல் வாரத்திலேயே சந்திப்பது இதைத்தான்.

புதியவர்களுக்கு இதில் இரண்டு பயங்கள். ‘நான் எழுதியது அழிந்துவிடுமோ’ என்பது ஒன்று. ‘அடுத்தவர் எழுதியதை நான் அழித்துவிடுவேனோ’ என்பது மற்றொன்று. முதல் பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. இரண்டாவது, கொஞ்சம் இருக்க வேண்டிய பயம்தான்!

பிராஞ்ச் போட்டால் மொத்த கோடிங்கும் இன்னொரு காப்பி ஆகுமா?

ஆகாது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு கமிட்டும், அந்த நேரத்தில் உங்கள் கோடிங் எப்படி இருந்தது என்பதன் போட்டோ. ஒவ்வொன்றுக்கும் 40 எழுத்துகள் கொண்ட அடையாள எண் உண்டு. தனக்கு முந்தைய கமிட் எது என்பதும் அதற்குத் தெரியும். பிராஞ்ச் என்பது அந்தப் போட்டோக்களில் ஒன்றின் மீது ஒட்டிய பெயர்ச்சீட்டு, அவ்வளவுதான். புதிதாக கமிட் செய்தால் சீட்டு ஒரு படி முன்னே நகரும். டிஸ்க்கில் அது பொதுவாக 41 பைட் அளவுள்ள குட்டி ஃபைல். எனவே, பிராஞ்ச் போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கமிட் செய்தது டீமில் யாருக்கும் தெரியவில்லையே?

கமிட் உங்கள் கம்ப்யூட்டரோடு சரி. சர்வருக்குப் போக வேண்டுமென்றால் புஷ் செய்ய வேண்டும். ‘ஆரிஜின்’ என்று எல்லா இடத்திலும் வருகிறதே, அது மந்திரச் சொல் அல்ல. நீங்கள் எங்கிருந்து குளோன் செய்தீர்களோ, அந்த முகவரிக்கு கிட் வைக்கும் செல்லப்பெயர்.

‘அப்டு டேட்’ என்கிறது கிட். ஆனால், நண்பர் புஷ் செய்தது வரவில்லையே?

பலரும் சறுக்கும் இடம் இது. உங்கள் கம்ப்யூட்டரில் தெரியும் ‘ஆரிஜின்/மெயின்’ என்பது சர்வரின் நேரடி ஒளிபரப்பு அல்ல. கடைசியாக சர்வரோடு பேசியபோது அங்கே இருந்த நிலையின் நினைவு. ‘கிட் ஸ்டேட்டஸ்’ அந்த நினைவோடு ஒப்பிட்டுத்தான் பதில் சொல்கிறது. நெட் பக்கமே அது போவதில்லை. நேற்று போனில் விசாரித்த தங்க விலையை இன்று காலை அடித்துச் சொல்வது போலத்தான்.

அந்த நினைவைப் புதுப்பிப்பது ஃபெட்ச். அது நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல்களைத் தொடாது. அதனால் ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். புல் என்பது ஃபெட்ச் செய்து, வந்ததை உங்கள் பிராஞ்ச்சோடு சேர்ப்பதும் உட்பட. குழப்பமாக இருக்கும் நாள்களில் நேராக புல் அடிக்காமல், முதலில் ஃபெட்ச் செய்து என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது.

புஷ் ‘ரிஜெக்ட்’ ஆகிறது. ஃபோர்ஸ் கொடுக்கலாமா?

கையை எடுங்கள்! உங்களுக்கு முன்பே வேறு யாரோ அதே பிராஞ்ச்சில் புஷ் செய்துவிட்டார்கள் என்பதே பெரும்பாலும் இதற்கு அர்த்தம். அவருடையதை எடுத்துச் சேர்த்துவிட்டு மறுபடி புஷ் செய்தால் போகும். ஃபோர்ஸ் கொடுத்தால், சர்வரில் உள்ள பெயர்ச்சீட்டு அவருடைய கமிட்டிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டு உங்களுடையதில் ஒட்டப்படும்.

2013 நவம்பரில் ஜென்கின்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில், தவறுதலாகச் செய்த ஒரு ஃபோர்ஸ் புஷ் 150-க்கும் மேற்பட்ட ரெப்பாசிட்டரிகளின் பிராஞ்ச்சுகளைப் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டது. கிட்ஹப்பின் உதவியோடுதான் மீட்டார்கள். செய்தவர் அனுபவமில்லாதவரும் அல்ல.

உங்களுக்கு மட்டுமே சொந்தமான பிராஞ்ச்சில், ரீபேஸ் செய்த பிறகு ஃபோர்ஸ் தேவைப்படலாம். அப்போது ‘ஃபோர்ஸ் வித் லீஸ்’ பயன்படுத்துங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே சர்வர் இருந்தால்தான் அது அனுமதிக்கும். சில எடிட்டர்கள் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டே இருக்கும். அப்படி இருந்தால் ‘கடைசியாகப் பார்த்தது’ என்பது உங்களுக்குத் தெரியாமலேயே மாறியிருக்கும். பூட்டு இருந்தும் திறந்து கிடக்கும் கதைதான்.

மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தால்?

அது எரர் அல்ல, கேள்வி. மாமா முகூர்த்தத்தை 6 மணி என்றும், சித்தப்பா 6.30 என்றும் அதே வரியில் திருத்தினால், அச்சகத்துக்காரர் போன் போட்டுக் கேட்பார் இல்லையா? கிட்டும் இரண்டையும் ஃபைலிலேயே குறிபோட்டு வைத்துவிட்டு நீங்கள் முடிவு செய்யக் காத்திருக்கிறது. பதில் தெரியாவிட்டால் மெர்ஜை ‘அபார்ட்’ செய்து, பழைய நிலைக்குத் திரும்பி, அந்த வரியை எழுதியவரிடமே கேட்டுவிடலாம்.

பிராஞ்ச்சை அழித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

சீட்டுதான் கிழிந்தது, போட்டோக்கள் இருக்கின்றன. ‘ரெஃப்லாக்’ என்று உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு டைரி உண்டு. நீங்கள் நின்றிருந்த கமிட்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அந்த எண்ணை எடுத்து, புது பிராஞ்ச் போட்டால் வேலை திரும்ப வந்துவிடும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள், எந்தப் பிராஞ்ச்சிலும் சேராத கமிட்களின் குறிப்பை அந்த டைரி வழக்கமாக 30 நாள்கள்தான் வைத்திருக்கும். கமிட்டே செய்யாமல் விட்ட வரிகளுக்கு இந்த வசதி கிடையாது. மதியம் சாப்பிடப் போகும் முன் அரைகுறையாக இருந்தாலும் ஒரு கமிட் போடச் சொல்வது அதனால்தான்.

சர்வரில் அழித்த பிராஞ்ச் என் லிஸ்ட்டில் ஏன் இன்னும் இருக்கிறது?

அதே பழைய நினைவுதான். இடித்துப் பல வருடங்களான தியேட்டரைச் சொல்லி இன்னமும் வழி காட்டுவோமே, அப்படி. ஃபெட்ச்சோடு ‘ப்ரூன்’ சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பெயர்கள் நீங்கிவிடும். நீங்களே போட்டுவைத்திருக்கும் பிராஞ்ச்சுகளை அது தொடாது.