கனரகப் பிரிவில் ஒரு வெண்கலம்

பெண்கள் டேக்வாண்டோவில், உலகப் போட்டிக்கு எட்டு எடைப் பிரிவுகள். ஒலிம்பிக்கிலோ நான்கே நான்கு. துருக்கியின் நஃபியா குஷ் அய்தின், 73 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவுக்காரர். ஒலிம்பிக்கில் அவர் 67 கிலோவைத் தாண்டிய எல்லோரோடும் மோதியாக வேண்டும். எடை குறைந்த, வேகம் கூடிய கால்கள் எதிரே நிற்கும். தலையில் படும் உதைக்கு 3 புள்ளி. சுழன்று உதைத்தால் 5. ஒரு நொடி அசந்தால் சுற்றே கைமாறிவிடும். அப்படிப்பட்ட களத்தில்தான், 2024 ஆகஸ்ட் 10 அன்று, பாரிஸின் கிராண்ட் பலே அரங்கில் அவர் வெண்கலம் வென்றார். எத்தனை பெரிய சாதனை! அந்த ஒலிம்பிக்கில் டேக்வாண்டோவில் துருக்கிக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது. இந்த விளையாட்டில் துருக்கியின் ஒலிம்பிக் கணக்கைத் தொடங்கி வைத்தவரும் ஒரு பெண்தான்: 2000இல், சிட்னியில் வெண்கலம் வென்ற ஹமீதே பிக்சின்.