பூனை மீசையும் கேபின் பானலும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாடிப்படிக்குக் கீழே பூனை குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றைப் பிடித்து மீசையை நறுக்கக் கத்தரிக்கோலுடன் உட்கார்ந்திருந்தான் என் பேரன். "முடிதானே தாத்தா, வலிக்காது" என்றான். வலிக்காதுதான். ஆனாலும் கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டேன். அவனுக்குச் சொன்ன காரணத்தையே இங்கும் எழுதுகிறேன்.

மீசை முடியில் நரம்பு கிடையாது. வேரைச் சுற்றியுள்ள உறையில்தான் நரம்பு நுனிகள் நெருக்கமாக இருக்கின்றன. முடி எதிலாவது பட்டு வளைந்தால் வேர் அசையும். நரம்பு செய்தி அனுப்பும். அது மூளைத் தண்டுக்குப் போய், அங்கிருந்து எதிர்ப்பக்கம் கடந்து, தலாமஸ் என்னும் ஜங்ஷன் வழியாக மூளையின் மேற்பட்டையை அடைகிறது. இடப்பக்க மீசையின் செய்தி வலப்பக்க மூளைக்கு!

ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவன் நான். எங்கள் கேபின் பானலில், ஸ்டேஷனின் ஒவ்வொரு தண்டவாளப் பகுதிக்கும் தனி விளக்கு உண்டு. வண்டி நிற்கும் பகுதி சிவப்பாகத் தெரியும். ஜன்னலை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இப்படி ஒரு பானல் சுண்டெலியின் மூளையிலும் இருப்பதை உல்சி, வான் டெர் லூஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1970-ல் கண்டார்கள். மூளையின் மேற்பட்டையில் பீப்பாய் வடிவத்தில் உயிரணுக் கூட்டங்கள்; முகத்தில் மீசை முடிகள் இருக்கும் அதே வரிசையில். ஒரு முடிக்கு ஒரு பீப்பாய். எலி இருட்டில் மீசையை விநாடிக்கு எட்டுப் பத்து தடவை வீசிக்கொண்டே போகும். எந்த முடி எப்போது பட்டது என்பதை வைத்தே சுவரையும் சந்தையும் மூளை அறிந்துகொள்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் பானல் முழுதாகத் தயாராகித்தான் கேபினுக்கு வரும். எலியின் பீப்பாய்களோ அது பிறந்த பிறகே உருவாகின்றன. பிறந்த ஓரிரு நாளில் ஒரு முடியின் வேரை அழித்துவிட்டால் அதற்குரிய பீப்பாய் உருவாவதே இல்லை. அக்கம்பக்கத்துப் பீப்பாய்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு வாரம் கழித்து அழித்தால் பீப்பாய்க்கு ஒன்றும் ஆவதில்லை.

இதைப் படித்தபோது என் தம்பி நினைவுதான் வந்தது. அவனுக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் புரை. "வளரட்டும், பார்க்கலாம்" என்று பத்து வயது வரை விட்டுவிட்டோம். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, கண் தெளிந்தது, பார்வை மட்டும் வரவில்லை. விளக்கு எரிய வேண்டிய காலத்தில் செய்தி வந்து சேரவில்லை. குழந்தையின் கண்ணிலோ காதிலோ சந்தேகம் தோன்றினால் ஊருக்குப் போகும் லீவு வரை காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

நறுக்கிய மீசை மறுபடி வளரும். அதுவரை அந்தக் குட்டி இருட்டில் தடுமாறும் என்றேன். பேரன் குட்டியைத் தாயிடமே விட்டுவிட்டான்.