மழை விட்டபின் வரும் வெயில்

சித்திரையில் நாலு நாள் சாயங்காலம் இடியோடு மழை பெய்துவிட்டால், இந்த வருஷக் கோடை போய்விட்டது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். போவதில்லை. சென்னையில் 45 டிகிரி வெப்பம் பதிவானது 2003 மே 31 அன்று, கத்தரி வெயில் முடிந்ததாக நாட்காட்டி சொன்ன பிறகு.

ஏப்ரல், மே மாதங்களில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் உள்நாட்டின் வறண்ட காற்றும் சூடேறிய நிலத்தின் மேல் சந்திப்பதால் இடிமேகம் திரள்கிறது. மே கடைசியில் மேற்குக் காற்று வலுக்கும். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு சூடாக இறங்கும் காற்று அது. அதைத் தள்ளிக்கொண்டு கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாட்களில் கரையோர ஊர்களும் கொதிக்கின்றன.

இந்த மாற்றத்தின் முதல் சில நாட்களுக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். வெயில் விலகினால் அந்தப் பழக்கமும் குறையும். மழைக்காக நின்ற கட்டட வேலை மறுபடி தொடங்கும்போது, விட்ட வேலையைச் சேர்த்து முடிக்கச் சொல்வார் மேஸ்திரி. அன்றைக்குத்தான் சித்தாள் மயங்கி விழுகிறார். காற்றில் ஈரம் மிச்சமிருந்தால் வியர்வை உலராது. அப்போது 37 டிகிரியே உடம்பை வதைக்கும். முதல் நாட்களில் வேலையைப் பாதியாக்கி, படிப்படியாகக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஒருவர் பேச்சு குழறி, சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அதைக் களைப்பு என்று விடாதீர்கள். அது வெப்பவாதமாக இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

இடிமழை நாட்களில் மரத்தடிதான் எமன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வர வேண்டாம். 'தாமினி' செயலி அக்கம்பக்கத்து மின்னலை முன்கூட்டியே எச்சரிக்கும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று ஒதுங்கி நிற்பது தவறு. அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயலுங்கள். காற்றில் அறுந்து கிடக்கும் மின்கம்பி வேறு விஷயம். கிட்டே போகாமல், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

இனி உரிமை. வேலையிடத்தில் குடிநீரும் நிழலும் முதலாளி காட்டும் தயவு அல்ல. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டமே வேலைத்தளத்தில் பாதுகாப்பான குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்க வேண்டும் என்றது. கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. பல ஜவுளிக் கடைகளில் அந்த இருக்கையை இன்னும் தேட வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் சாவுக்குக் காரணம் வெப்பம்தான் என்று உரிய அலுவலர் சான்று தர வேண்டும். கிராமத்து ஏழைக் குடும்பம் தடுக்கி விழும் இடம் இதுதான். வெயிலில் சுருண்டு விழுந்தவரின் சாவு, 'மாரடைப்பு' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடக்கூடும். விழுந்த இடம், நேரம், பார்த்துக்கொண்டிருந்த வேலை, கூட இருந்தவர்கள் சொன்னது எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிக் குறிப்பில் எழுத வையுங்கள். துக்கத்தில் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று உடலை வாங்கிப் போனால், பிறகு காட்ட ஆதாரம் இருக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றே தகவல் சொல்லி, தாசில்தாரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இடி விழுந்து ஆடு மாடு செத்தாலும் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தருவதற்கு முன் புதைக்காதீர்கள். அலுவலகத்தில் அலைக்கழித்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் பேசலாம். திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுவை நேரில் கொடுக்கலாம்.